அடேவாலே ஒளிந்து நிற்கும் கூட்டம்

கரும்புக்குள் சத்தம் போடாமல் யாராலும் நடக்க முடியாது. இதை அந்த ஆட்டத்தைத் தயாரித்தவர்களிடம் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். 'அசாசின்ஸ் க்ரீட்: ஃப்ரீடம் க்ரை' என்ற வீடியோ ஆட்டத்தில் நாயகன் அடேவாலே உடம்பைக் குனித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்ததும், கரும்பு பஞ்சு மெத்தை மாதிரி விலகிக் கொடுக்கிறது, அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான், இரண்டடி தூரத்தில் நிற்கும் கங்காணிக்கு ஒன்றும் கேட்பதில்லை. மொரீஷியஸில் ஃபிளாக் பக்கம் வளர்ந்த எவனுக்கும் இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கீழே காய்ந்த சோகை கெட்டியாகக் கிடக்கும், கால் வைத்தால் நொறுங்குகிற சத்தம் நாலு வரிசை தாண்டிக் கேட்கும். பச்சைச் சோகையின் விளிம்பு முழங்கையைக் கீறும், சுணை ஒட்டிக்கொண்டால் ராத்திரி முழுக்க அரிப்பு. வெட்டுக்குப் போன காலத்தில் என் பாட்டி, அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் கோணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் போவாராம். ஆட்டத்தில் அடேவாலேயின் தோள் வெறுமனே திறந்து கிடக்கிறது, ஒரு கீறல் கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் வயல்களில் எரிமலைக் கல் வேறு, பொறுக்கிப் பொறுக்கி நடுவயலில் கறுப்பாகக் குவித்து வைத்திருப்பார்கள், இருட்டில் அதில் மோதினால் கால் போய்விடும்.

சரி, இது சின்ன விஷயம்தான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில் ஆரம்பித்துத்தான் இந்த ஆட்டம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 2013 டிசம்பரில் 'பிளாக் ஃபிளாக்'குக்குக் கூடுதல் கதையாக வந்தது, அடுத்த ஆண்டு தனி ஆட்டமாகவும் விற்றார்கள். கடற்கொள்ளைக்காரர்களின் கூத்தும் பாட்டும் நிறைந்த பெரிய ஆட்டத்தின் வால் மாதிரி வந்தாலும் இதன் குரல் வேறு. அந்தப் பெரிய ஆட்டத்தின் நாயகன் எட்வர்டின் கப்பலில் இரண்டாம் ஆளாக இருந்த அடேவாலே, டிரினிடாடில் அடிமையாகப் பிறந்தவன், இங்கே தனி நாயகன். புயலில் கப்பல் உடைந்து பிரெஞ்சுக்காரர்களின் சான் டொமாங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், கரை ஒதுங்குகிறான். கொலையாளிகள் சங்கம் என்ற ரகசிய அமைப்பின் வேலையாக வந்தவன், அதை ஓரம் வைத்துவிட்டு அடிமைகளை விடுவிக்க இறங்கிவிடுகிறான். கதை நடக்கும் காலம் 1735 முதல் 1737 வரை. போர்ட்-ஓ-பிரின்ஸ் என்ற ஊரை 1749-இல்தான் முறையாக நிறுவினார்கள், ஆட்டத்தில் அது அதற்கு முன்பே கடைகண்ணியோடு கலகலவென்று இருக்கிறது. அது போகட்டும், அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரவில்லை.

கரும்பு பொய்யாக இருந்தாலும் அந்தக் கரும்புத் தோட்டங்கள்தான் ஆட்டத்தின் உச்சம் என்பேன். 'அசாசின்ஸ் க்ரீட்' வரிசை ஆட்டங்களில் பெரும்பாலும் ஒளிந்து போவது நம் விருப்பம். மாட்டிக்கொண்டால் கத்தியை உருவி பத்துப் பேரை வெட்டிவிட்டு நடையைக் கட்டலாம், ஒன்றும் குறைந்துபோகாது. இங்கே தோட்டத்தில் எச்சரிக்கை மணி அடித்துவிட்டால், காவலர்கள் உங்களை நோக்கி வருவதோடு நிற்பதில்லை, கங்காணிகள் அடிமைகளைக் கொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்கள் உயிருக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் நன்றாகவே சண்டை போடுகிறவர், ஆனால் உங்கள் அவசரத்துக்கு வேறொருவன் விலை கொடுக்கிறான். இதற்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. விரல் பொத்தானில் இருக்கும்போது உங்களுக்கே தெரிகிறது. முதலில் மணியடிக்கிறவனைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு மணியை அறுத்து வைக்க வேண்டும், அதற்குள் ஒரு கங்காணி திரும்பிப் பார்த்துவிட்டால் மூச்சு நின்றுவிடுகிறது. ஒளிந்து விளையாடும் ஆட்டங்களில் பயம் என்பது பெரும்பாலும் 'மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டுமே' என்கிற சலிப்புதான். இங்கே அது நிஜமான பயம்.

மற்ற குறைகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஒருவன் பின்னாலேயே நடந்து அவன் பேச்சை ஒட்டுக்கேட்கும் பணிகள் இதிலும் உண்டு, கொஞ்சம் விலகினால் முதலிலிருந்து, கொஞ்சம் நெருங்கினால் முதலிலிருந்து. சுவர் ஏறச் சொன்னால் பீப்பாய் மேல் ஏறி நிற்பான். புதருக்குள் உட்கார்ந்து சீட்டி அடித்தால் காவலர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உயிரை விட்டுவிட்டுப் போவார்கள், முன்னால் போனவன் என்ன ஆனான் என்று ஒருவனும் யோசிப்பதில்லை. வெட்டரிவாள் சண்டையில் கனம் இருக்கிறது, சவால் இல்லை. நீளமும் குறைவு, ஒரு வார இறுதிக்குத் தாங்காது. இதில் நீளம் குறைவு என்பதை நான் பலமாகவே எடுத்துக்கொள்வேன், இன்னும் இரண்டு தீவு சேர்த்திருந்தால் கதை நீர்த்துப் போயிருக்கும்.

கூடிக்கொண்டே போகும் எண்

என்னை உறுத்தியது வேறு. தெருவில் தப்பி ஓடுகிறவனைத் துரத்துகிறவர்களைக் கொன்றால், ஏலத்தில் நிற்கிறவர்களைக் காசு கொடுத்தோ சண்டை போட்டோ மீட்டால், தோட்டத்தை விடுவித்தால், விடுவித்த ஆட்களின் எண்ணிக்கை கூடுகிறது. அந்த எண்ணிக்கை ஏற ஏறத்தான் நல்ல அரிவாளும் பெரிய தோட்டாப் பையும் திறக்கும். விடுதலையானவர்களில் சிலர் மரூன்களோடு, அதாவது தப்பியோடிக் காட்டில் வாழ்ந்தவர்களோடு, சேர்ந்துகொள்வார்கள், அதுவும் கணக்கில் ஏறும். தெருமுனையில் நீங்கள் காப்பாற்றிய காட்சி கொஞ்ச நேரம் கழித்து அதே தெருமுனையில் மறுபடி முளைக்கும். வேறு முகம், அதே அடி, அதே அலறல். ஆட்டத்தின் இரண்டாம் மணி நேரத்தில் நான் ஓர் ஏலத்தைப் பார்த்து, 'நல்லது, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அரிவாள் கிடைக்கும்' என்று நினைத்துக்கொண்டு கூரையிலிருந்து இறங்கினேன். ஆட்டம் என்னை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அடிமை முறையில் மனிதனைச் சரக்காக எண்ணினார்கள் என்று கதை சொல்கிறது, அதே மனிதனை எண்ணிக் கருவி வாங்கச் சொல்கிறது ஆட்டத்தின் கணக்கு.

எங்கள் தீவில் எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1834-இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குப் பதிவேட்டில் ஆளுக்கொரு எண். பிற்காலத்தில் புகைப்படமும் எடுத்து ஒட்டினார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. எங்களில் நிறையப் பேர் அங்கே போய்த் தாத்தாவின் தாத்தா எந்த எண், எந்தக் கப்பல், எந்த ஊர் என்று தேடி எடுத்து வருகிறோம், எழுத்துக்கூட்டலில் முருகேசன் என்ற பெயர் உருத்தெரியாமல் சிதைந்திருந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். அதே தீவில் அடிமைகளாக வந்தவர்களின் வாரிசுகளுக்கு இது அவ்வளவு எளிதில்லை. மொசாம்பிக்கிலும் மடகாஸ்கரிலும் அவர்களுக்கு இருந்த பெயரை எடுத்துவிட்டு, மாதத்தின் பெயரையும் கிழமையின் பெயரையும் வைத்தார்கள். பெயர் போனால் தேடுவதற்கு நூல் எங்கே? ஆகவே ஆட்டத்தில் ஒருவரை விடுவித்ததும் அவர் நன்றி சொல்லிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல், திரையோரம் ஓடி மறைவதை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று, அவர்கள் எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள். லெ மோர்ன் மலையைப் பற்றி இங்கே வழிவழியாகச் சொல்லும் கதையில், 1835 பிப்ரவரி 1-ஆம் தேதி விடுதலைச் செய்தியைச் சொல்ல ஆட்கள் மலையேறி வந்தபோது, மேலே பதுங்கியிருந்தவர்கள் தங்களைப் பிடிக்க வருவதாக நினைத்துப் பாறை விளிம்பிலிருந்து குதித்துவிட்டார்கள். நடந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் விடுதலை சொல்ல வருகிறவனைப் பார்த்ததும் ஓடத் தோன்றும் மனம் இருக்கிறதே, அதை அந்தக் கதை புரிந்து வைத்திருக்கிறது. ஆயுதத்தோடு கூரையிலிருந்து குதிக்கும் அடேவாலேயைப் பார்த்து ஒருவராவது மிரண்டு ஒதுங்கியிருந்தால் ஆட்டம் எங்கேயோ போயிருக்கும்.

ஆனால் ஓரிடத்தில் எண்ணிக்கை தோற்றுப்போகிறது. கதையின் பிற்பகுதியில் அடிமைக் கப்பல் ஒன்று மூழ்கிக்கொண்டிருக்கும்போது அடேவாலே அதன் அடித்தளத்துக்குள் இறங்குகிறான். மூன்று நிமிடம்கூட இருக்காது. வரிசை வரிசையாகச் சங்கிலியில் ஆட்கள், தண்ணீர் ஏறுகிறது, கப்பல் சாய்வதால் தரை எது சுவர் எது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் பூட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் கை ஆடுகிறது. நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் எல்லோரையும் மீட்க முடியாது, அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். அதுவரை பொத்தானை அழுத்தினால் பலன் கிடைத்தது. இங்கே அழுத்துகிறீர்கள், பக்கத்திலிருப்பவர் மூழ்குகிறார். அங்கிருந்து வெளியே வந்த அடேவாலேயின் பேச்சே மாறிவிடுகிறது, ஆளுநர் பியர் தெ ஃபாயேயை நோக்கிப் போகிறவன் வேறு மனிதன். ஆட்டம் முழுக்க இந்தத் துணிச்சலோடு இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையில் கரும்புச் சோகையைப் பற்றி மட்டும் குறை சொல்லிவிட்டு முடித்திருப்பேன்.

'நமக்கென்ன?'

நான் இதை ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் என் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், நாங்கள் பேசிக்கொள்வது எங்கள் தீவின் கிரியோல் மொழியில்தான், அதைத் தமிழில் எழுதுகிறேன். கப்பல் காட்சி முடிந்ததும் அவன் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா இது அவங்க கதை. நமக்கென்ன?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தீவில் இது பள்ளிக்கூடத்திலேயே பதிந்துவிடும் பிரிவினை. பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிந்த நாள், விடுமுறை, அது அடிமைகளின் வாரிசுகளான கிரியோல் மக்களுடையது. நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிகள் வந்த நாள், அதுவும் விடுமுறை, அது நம்முடையது. உலகப் பாரம்பரியச் சின்னம்கூட ஆளுக்கொன்று: 2006-இல் நமக்கு, கூலிகள் வந்திறங்கிய அப்ரவாசி காட், 2008-இல் அவர்களுக்கு லெ மோர்ன். பங்கு பிரித்த வீடு மாதிரி சுமுகமாகத்தான் இருக்கிறோம்.

அவனுக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு ஒரு தேதிதான் கிடைத்தது. 1735. அடேவாலே சான் டொமாங்கில் கரை ஒதுங்கும் அதே ஆண்டில்தான் மஹே தெ லாபூர்தொனே எங்கள் தீவுக்கு, அன்றைய இல் தெ பிரான்ஸுக்கு, ஆளுநராக வந்து இறங்கினார். போர்ட் லூயியைத் துறைமுகமாகக் கட்டி எழுப்பியவர் அவர். கட்டுவதற்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுவந்தார், கொத்தர்கள், தச்சர்கள். கப்பல் கப்பலாக ஆப்பிரிக்க அடிமைகளும் வந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளுக்கு நூறு வருடம் முன்பே நம்மாட்கள் இங்கே உளியோடு நின்றிருந்தார்கள், அடிமைகள் கல் சுமந்து வந்து கொடுக்க. அதுவும் இரு தீவுக்கும் ஒரே மாதிரியான சட்டம். சான் டொமாங்கில் 1685-இன் கோட் நுவார், எங்களுக்கு அதையே வார்த்தெடுத்த 1723-இன் அரச ஆணை. ஒரு மாதம் தப்பியோடியவனுக்குக் காதை அறுத்துத் தோளில் சூடு, இரண்டாம் முறை முழங்கால் பின்நரம்பு, மூன்றாம் முறை மரணம். ஆட்டத்தில் ஆளுநர் பேசும் சட்டமும் எங்கள் கொத்தர்களின் காதில் விழுந்த சட்டமும் ஒன்றே.

இங்கே கதை சிக்கலாகிறது, எனக்குப் பிடித்த இடமும் இதுதான். அன்று இல் தெ பிரான்ஸில் இந்திய அடிமைகளும் இருந்தார்கள், சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் விற்கப்பட்டு வந்தவர்கள். சுதந்திர 'மலபார்'களும் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரன் நம்மை எல்லாம் அப்படித்தான் அழைத்தான், போர்ட் லூயியில் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பே இருந்தது. அவர்களில் வசதி வந்த சிலர் அடிமைகளை வாங்கி வைத்திருந்தார்கள். ஆக, 'அவங்க கதை' என்று தம்பி சொன்ன கதையில் நாம் சங்கிலியிலும் இருக்கிறோம், சங்கிலியின் மறுமுனையிலும் இருக்கிறோம், இரண்டுக்கும் நடுவில் கட்டடச் சாரத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள வசதியான பரம்பரை இல்லை இது.

கூட்டம் எந்தப் பக்கம்?

அதற்குப் பிறகு ஆட்டத்தைத் திரும்ப எடுத்தபோது என் கண் அடேவாலேயின் மேல் நிற்கவில்லை. இந்த வரிசையின் மூல உத்தியே கூட்டத்தில் கலப்பதுதான். துரத்துகிறவன் வந்தால் தெருவில் நிற்கும் நாலைந்து பேருக்கு நடுவில் போய் நின்றுகொள்ள வேண்டும், ஆள் தெரியாது. சந்தையில் அப்படி ஒரு முறை நின்றேன். காவலன் கடந்து போனான். சுற்றி நின்றவர்கள் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, இடுப்பில் அரிவாளோடு, ரத்தத்தோடு, மூச்சிரைக்க ஒருவன் நடுவில் வந்து நிற்கிறான், ஒரு புருவம்கூட உயரவில்லை. சண்டை மூண்டால் அலறி ஓடுவார்கள், முடிந்ததும் அதே இடத்துக்கு வந்து நிற்பார்கள். காட்டிக்கொடுப்பதும் கிடையாது, மறைத்து வைப்பதும் கிடையாது. வேறு ஊரில் நடக்கும் ஆட்டத்தில் இது பரவாயில்லை. அடிமைச் சமூகத்தில் நடக்கும் ஆட்டத்தில் இதுதான் மிகப் பெரிய பொய் என்று எனக்குப் படுகிறது, கரும்பைவிடப் பெரிய பொய்.

ஏனென்றால் அந்தச் சமூகத்தில் யாரும் சும்மா நிற்க அனுமதி கிடையாது. லாபூர்தொனே தப்பியோடியவர்களை வேட்டையாடக் கறுப்பர்களையே ஆயுதம் கொடுத்து அனுப்பினார், அது அவர் சாதனைப் பட்டியலில் ஒன்று. இன்றும் போர்ட் லூயி துறைமுகத்தைப் பார்த்தபடி அவர் சிலை நிற்கிறது. பக்கத்துத் தீவான பூர்போனில், இன்றைய ரீயூனியனில், மரூன் வேட்டை என்பது ஒரு தொழில். பிடித்தாலும் பணம், கொன்று கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டினாலும் பணம். இப்படிப்பட்ட ஊரில் சந்தையில் நிற்கும் நாலு பேருக்கு நடுவில் போய் நிற்பது என்றால், அந்த நாலு பேரையும் நம்புவது. இவன் கடன்காரனா, இவள் தம்பி தோட்டத்தில் இருக்கிறானா, இவன் போன மாதம்தான் ஆள் வாங்கினானா? சான் டொமாங்கிலும் அடிமைகளை வைத்திருந்த சுதந்திரக் கலப்பினத்தார் உண்டு. ஆட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. விடுதி நடத்தும் பாஸ்தியென் ஜோசெஃப் ஒருத்திதான் இரு பக்கமும் கால் வைத்திருப்பவள். வெள்ளைக்காரர்களை உபசரித்துக்கொண்டே மரூன்களுக்கு உதவுகிறவள், அடேவாலேயின் வீரத்தைப் பார்த்து மயங்காமல், அவன் வெட்டிவிட்டுப் போனபின் அடிவாங்கப் போவது யார் என்று யோசிக்கிறவள். முழு ஆட்டத்திலும் எனக்கு மனிதராகத் தெரிந்தவள் அவள்தான். அவளை நகரத்தின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, மற்ற எல்லோரையும் அலங்காரப் பொம்மையாக விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு குறை சொல்கிறேன், ஆனாலும் யாராவது கேட்டால் ஆடச் சொல்வேன். இசைக்காகவே ஆடலாம், ஒலிவியே தெரிவியேர் ஹைட்டியின் பாரம்பரியப் பாட்டையும் பறையையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், எங்கள் தீவின் செகா இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தாளம் தூரத்து உறவுக்காரன் குரல் போலக் கேட்கும். தெருவில் பேசும் பிரெஞ்சில் பாதி எங்களுக்குத் திரையின் அடியில் வரும் வசன எழுத்து இல்லாமலே புரியும், அது ஒரு தனி சந்தோஷம், பெரிய ஆட்டங்களில் எங்களுக்கு அடிக்கடி கிடைக்காதது.

கூட்டத்துக்கு மூளை வைப்பது முடியாத காரியமும் இல்லை. அடுத்த ஆண்டே, 2014-இல் வந்த 'ரோக்' ஆட்டத்தில் நாம் எதிர்ப்பக்கம். அங்கே கொலையாளிகள் சங்கத்தார் மக்கள் கூட்டத்துக்குள்ளும் புதருக்குள்ளும் ஒளிந்திருந்து நம்மைக் குத்தக் காத்திருப்பார்கள், சந்தையில் நடக்கும்போது ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆட்டத்தில்தான் வயதான அடேவாலேயை நம் கையாலேயே கொல்ல வேண்டும், வேறு வழி கொடுக்க மாட்டார்கள். அந்தச் சந்தேகத்தை ஃப்ரீடம் க்ரையின் சந்தைக்குக் கொண்டுவந்து, கொலைக்குப் பதிலாகப் பரிசுப் பணத்தை வைத்தால் போதும். இன்னும் ஒரு படி போய், 1735-இன் போர்ட் லூயியிலேயே ஒருவர் இந்த ஆட்டத்தை வைத்தால், மரூன் ஒருவன் ஓடிவந்து கட்டடச் சாரத்துக்கு அடியில் ஒளிவான், மேலே புதுச்சேரிக் கொத்தன் ஒருவன் உளியோடு நிற்பான், காவலன் அண்ணாந்து பார்த்து 'இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா?' என்று கேட்பான். கொத்தனுக்கு வசனம் எழுத வேண்டும். தம்பி அவன் 'தெரியாது' என்றுதான் சொல்வான் என்கிறான், நம்மாள் வம்புக்குப் போகமாட்டானாம். நான், அது பரிசு எவ்வளவு என்பதைப் பொறுத்தது என்கிறேன், எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.